மருத்துவ ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலும் மேற்கோள் எண்களும்: புதுச்சேரி, கடலூர் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் மருத்துவ நூலகம் ஒன்றில் பணியாற்றும் என்னிடம், பதவி உயர்வு விண்ணப்பங்கள் எழுதப்படும் மாதங்களில் புத்தகம் கேட்டு வருபவர்களைவிட எண் கேட்டு வருபவர்களே அதிகம். கோரிமேட்டில் ஜிப்மர், கடலூர் சாலையில் கிருமாம்பாக்கமும் பிள்ளையார்குப்பமும், அதற்கும் தெற்கே சிதம்பரம் என்று இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் இத்தனை மருத்துவக் கல்லூரிகள் உள்ள வட்டாரத்தில் அதில் வியப்பில்லை. உதவிப் பேராசிரியர்கள், முதுநிலை மாணவர்கள், செவிலியர் கல்லூரி ஆசிரியர்கள், சில வேளைகளில் நோயாளிகளின் குடும்பத்தினர் ஆகியோர் கேட்டவற்றை இங்கே தொகுத்து விடையளித்திருக்கிறேன். ஓர் எண்ணைச் சொல்லுமுன் அது எந்தப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும் என்பதையே பெரும்பாலான விடைகளில் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்ந்தது.

மேற்கோள் எண்ணிக்கை என்பது என்ன? அது எதற்காகத் தோன்றியது?

ஓர் ஆய்வுக்கட்டுரையின் முடிவில் உள்ள துணைநூற் பட்டியலில் உங்கள் கட்டுரை இடம்பெற்றால் உங்களுக்கு ஒரு மேற்கோள் கிடைத்ததாகக் கணக்கு. இவ்வாறு யார் யாரை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தொகுக்கும் அட்டவணையை அறிவியலுக்கு உருவாக்கலாம் என்று அமெரிக்கரான யூஜீன் கார்ஃபீல்டு 1955இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். 1960களில் அவருடைய நிறுவனமே அதை 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டது. பழைய கட்டுரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பின் அத்துறையில் வந்தவற்றையும் அதை மறுத்தவற்றையும் தேடிச் செல்ல அது உதவியது. அதாவது அது தேடுவதற்கான கருவியாகத்தான் பிறந்தது. ஆய்வாளருக்கு மதிப்பெண் போடும் பழக்கம் பிறகு வந்து சேர்ந்தது.

எச்-இண்டெக்ஸ் எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

கலிபோர்னியாவில் பணியாற்றிய இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த அளவு இது. ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் மிகுந்தது முதலில் வருமாறு அடுக்கி, வரிசை எண்ணைவிட மேற்கோள் எண்ணிக்கை குறையாமல் இருக்கும் கடைசி இடம் எதுவோ அதுவே எச்-இண்டெக்ஸ்.

கடலூர்க் கரையோரக் கிராமங்களில் பொதுச் சுகாதார ஆய்வு செய்யும் ஒருவர் ஒன்பது கட்டுரைகள் எழுதியிருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்கள் முறையே 41, 22, 15, 9, 6, 5, 3, 1, 0. ஐந்தாவது கட்டுரைக்கு 6 மேற்கோள்கள் உள்ளன. ஆறாவதுக்கு 5தான், அது ஆறுக்குக் குறைவு. ஆகவே இவருடைய எச்-இண்டெக்ஸ் 5. மொத்த மேற்கோள் 102. பத்தோ அதற்கு மேலோ மேற்கோள் பெற்ற கட்டுரைகளை மட்டும் எண்ணும் ஐ10 அளவில் இவருக்கு 3. முதல் கட்டுரைக்கு 41க்குப் பதிலாக 4,100 மேற்கோள்கள் வந்திருந்தாலும் எச்-இண்டெக்ஸ் 5 ஆகவேதான் இருந்திருக்கும் என்பதையும் கவனியுங்கள். ஒரே ஒரு பெரிய பங்களிப்பைச் செய்தவரை இந்த அளவு அடையாளம் காட்டாது.

எனக்கு கூகுள் ஸ்காலரில் ஓர் எண், ஸ்கோபஸில் வேறு எண் காட்டுகிறது. எது சரி?

இரண்டும் அததன் எல்லைக்குள் சரிதான். 2004இல் தொடங்கிய கூகுள் ஸ்காலர், இணையத்தில் கிடைக்கும் ஆய்வேடுகள், மதிப்பாய்வுக்கு முன்பே பொதுவில் வைக்கப்படும் முன்வெளியீடுகள், கருத்தரங்கத் தொகுப்புகள், அறிக்கைகள் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் மேற்கோள்களை எடுத்துக்கொள்கிறது. அதே ஆண்டில் வந்த ஸ்கோபஸும், கார்ஃபீல்டின் அட்டவணையிலிருந்து வளர்ந்த வெப் ஆஃப் சயின்ஸும் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்களையும் நூல்களையும் கருத்தரங்கத் தொகுப்புகளையும் மட்டுமே கணக்கில் கொள்கின்றன. மேலே சொன்ன ஆய்வாளரின் ஒரு கட்டுரை ஸ்கோபஸில் சேராத இதழில் வந்திருந்து, மற்ற எட்டுக்கும் அங்கே 28, 15, 11, 6, 4, 3, 1, 0 என்று மேற்கோள்கள் இருந்தால், அதே மனிதரின் எச்-இண்டெக்ஸ் அங்கே 4 ஆகிவிடும்.

விண்ணப்பத்தில் எண்ணை எழுதும்போது எந்தத் தளம், எந்தத் தேதி என்பதைச் சேர்த்தே எழுதுங்கள். தளத்தின் பெயர் இல்லாத எச்-இண்டெக்ஸ், அலகு இல்லாத இரத்தச் சர்க்கரை அளவைப் போன்றது. இரண்டு தளங்களில் பெரியது எதுவோ அதை மட்டும் எடுத்துத் தளத்தின் பெயரை மறைத்துவிடுவது இங்கே பரவலாக நடக்கிறது. தேர்வுக் குழுவில் ஒருவராவது கைப்பேசியில் சரிபார்த்துவிடுவார் என்பதைத் துணிந்து செய்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பப்மெட் என்பது அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இலவசத் தேடல் தளம். அதற்குள் மெட்லைன் என்ற தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியலும் உண்டு. முழுக் கட்டுரைகளைச் சேமிக்கும் பப்மெட் சென்ட்ரலிலிருந்து வந்து சேரும் பதிவுகளும் உண்டு. ஆகவே ஒரு கட்டுரை பப்மெட்டில் தேடினால் கிடைக்கிறது என்பதாலேயே அந்த இதழ் மெட்லைனில் ஏற்கப்பட்டது என்று பொருளாகாது.

என்னுடைய கட்டுரைகள் வேறொருவர் பெயரில் சேர்ந்துவிடுகின்றன. என்ன செய்யலாம்?

எனக்கு வரும் கேள்விகளில் சரிபாதி இதுவாகத்தான் இருக்கும். குடும்பப் பெயர் என்ற ஒன்று எல்லோருக்கும் உண்டு என்று எண்ணி வடிவமைக்கப்பட்ட படிவங்களில், தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்ட நாம் சிக்கிக்கொள்கிறோம். எடுத்துக்காட்டாக ரா. தமிழ்ச்செல்வி என்ற பெயரை வைத்துக்கொள்வோம். தந்தை பெயர் ராமலிங்கம். முதல் கட்டுரையை அனுப்பும்போது படிவம் குடும்பப் பெயர் கேட்க, அவர் தந்தையின் பெயரை இட்டுவிடுகிறார். இதழ் வெளிவரும்போது 'ராமலிங்கம் டி.' என்று அச்சாகிறது. ஆய்வகத்தின் பக்கமே வந்திராத தந்தையார் அன்று முதல் கட்டுரையாசிரியர். இரண்டாவது கட்டுரையில் 'தமிழ்ச்செல்வி ஆர்.' என்று வருகிறது. மூன்றாவது இதழ் பெயரை 'தமிழ் செல்வி' என்று பிரித்து, செல்வியைக் குடும்பப் பெயராக்கிவிடுகிறது. திருமணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்தால் நான்காவது ஆள் ஒருவர் தோன்றுகிறார். எதிர்ப்பக்கத்தில், 'குமார் எஸ்.' என்று பப்மெட்டில் தேடிப் பார்த்தால் இந்தியா முழுவதிலுமுள்ள சுரேஷ்குமார்களும் சதீஷ்குமார்களும் செந்தில்குமார்களும் ஒரே வரிசையில் வந்து நிற்பார்கள்.

நிறுவனத்தின் பெயரும் இப்படித்தான் சிதறுகிறது. 2006இல் பாண்டிச்சேரி அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி ஆனது. பழைய கட்டுரைகளில் ஒரு பெயரும் புதியவற்றில் மற்றொரு பெயரும் உள்ளன. ஜிப்மரை முழுப் பெயரில் எழுதுபவர்களும் சுருக்கிப் போடுபவர்களும் உண்டு. சிதம்பரத்திலிருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியான பின்பு அங்குள்ளவர்களின் கட்டுரைகள் இரண்டு முகவரிகளில் பிரிந்து கிடக்கின்றன.

இதற்கு மருந்து, முதல் கட்டுரையை அனுப்புமுன்பே ஒரே எழுத்துக்கூட்டலைத் தேர்ந்தெடுத்து ஓய்வு பெறும்வரை அதையே பயன்படுத்துவதுதான். அத்துடன் 2012இல் தொடங்கப்பட்ட ஆர்க்கிட் என்ற 16 இலக்க அடையாள எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். அது இலவசம், பதிவு செய்யச் சில நிமிடங்கள் போதும். பெயர் எப்படி மாறினாலும், வேலை எங்கே மாறினாலும் எண் மாறாது. ஸ்கோபஸில் ஒருவருக்கே இரண்டு மூன்று ஆசிரியர் பதிவுகள் உருவாகியிருந்தால் அவற்றை ஒன்றாக்கித் தருமாறு அந்தத் தளத்திலேயே கோரலாம். கூகுள் ஸ்காலரில் சுயவிவரப் பக்கத்தை உருவாக்கும்போது, புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்த்துக்கொள்ள அனுமதிக்காதீர்கள். சேர்ப்பதற்கு முன் உங்களைக் கேட்குமாறு அமைத்துக்கொள்ளலாம். மண்ணியல் கட்டுரை ஒன்று தம் பட்டியலில் இருப்பதை நேர்காணலில் பிறர் சுட்டிக்காட்டிய பிறகே அறிந்த குழந்தைநல மருத்துவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அன்று அதை யாரும் நம்பவில்லை.

ஆசிரியர் வரிசையில் எந்த இடம் முக்கியம்?

மருத்துவ ஆய்வில் பொதுவாக முதலில் உள்ளவர் வேலையைச் செய்தவர், கடைசியில் உள்ளவர் வழிநடத்தியவர், தொடர்பாசிரியர் இதழுக்கும் வாசகர்களுக்கும் பதில் சொல்லப் பொறுப்பேற்றவர் என்று கொள்ளப்படுகிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வெளியிட்ட ஆசிரியர் தகுதி விதிமுறைகளில், முதல் மூன்று ஆசிரியர்களில் ஒருவராகவோ தொடர்பாசிரியராகவோ இருக்க வேண்டும் என்றும், மெட்லைன், ஸ்கோபஸ் உள்ளிட்ட குறிப்பிட்ட அட்டவணைகளில் இடம்பெற்ற இதழாக இருக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. இத்தகைய விதிமுறைகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படுவதால், விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையில் உள்ளதையே படியுங்கள். மூத்தவர் ஒருவர் தம் காலத்தில் இருந்ததைச் சொல்லக் கேட்டு ஏமாந்தவர்கள் பலர்.

யார் ஆசிரியராகலாம் என்பதற்கு மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனைகளை வகுத்திருக்கிறது. ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ அறிவார்ந்த பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், பிழை எழுந்தால் பொறுப்பேற்பது ஆகிய நான்கும் ஒருசேர வேண்டும். துறைத்தலைவர் என்பதற்காகவே ஒருவர் பெயரைச் சேர்க்கும் வழக்கம் இந்த நான்கில் எதிலும் அடங்காது. அறையைத் தந்ததற்கும் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திட்டதற்கும் நன்றியுரை என்ற பகுதி இருக்கிறது.

இம்பாக்ட் ஃபேக்டர் 10 உள்ள இதழில் எழுதியிருக்கிறேன். என் இம்பாக்ட் ஃபேக்டர் 10 என்று போடலாமா?

கூடாது. அது இதழுக்குரிய எண். ஓர் இதழ் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்டவற்றுக்கு 2024இல் கிடைத்த மேற்கோள்களை, அவ்விரு ஆண்டுகளில் வந்த ஆய்வு, மீள்பார்வைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 2024ஆம் ஆண்டின் இம்பாக்ட் ஃபேக்டர் வரும். இந்தச் சராசரி எவ்வளவு எளிதில் ஏமாற்றும் என்பதற்குப் படிகவியல் இதழான 'ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ' ஓர் எடுத்துக்காட்டு. 2008இல் அதில் வெளியான ஒரே ஒரு மென்பொருள் கட்டுரையை உலகெங்கும் மேற்கோள் காட்டியதால், சுமார் 2 ஆக இருந்த அதன் இம்பாக்ட் ஃபேக்டர் அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 50 ஆனது. அதே இதழில் அவ்வாண்டு எழுதிய மற்றவர்கள் இரவோடிரவாகத் திறமைசாலிகளாகிவிடவில்லை. ஆய்வாளரை மதிப்பிட இதழின் எண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்று 2012இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கூடிய இதழாசிரியர்களும் வெளியீட்டாளர்களும் ஓர் அறிக்கையாகவே வடித்தார்கள். டோரா என்ற பெயரில் அது அறியப்படுகிறது.

நல்ல எச்-இண்டெக்ஸ் என்பது எவ்வளவு?

துறையையும் பணிக்காலத்தையும் சொல்லாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. இணைப் பேராசிரியர் நிலைக்கு 12, பேராசிரியர் நிலைக்கு 18 என்று இணையத்தில் சுற்றும் எண்கள், ஹிர்ஷ் அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் உள்ள இயற்பியலாளர்களை மனத்தில் வைத்துச் சொன்னவை. அவற்றைக் கடலூரில் உள்ள சமூக மருத்துவத் துறை ஆசிரியர்மீது ஏற்றுவதில் பொருளில்லை. புற்றுநோயியலில் ஆண்டுதோறும் வெளியாகும் கட்டுரைகள் ஏராளம். எனவே மேற்கோள் காட்டக் கைகளும் ஏராளம். கொசுவியலிலோ தடய மருத்துவத்திலோ அந்தக் கூட்டமே சிறியது. தவிர எச்-இண்டெக்ஸ் ஒருபோதும் இறங்காது. எழுதுவதை நிறுத்திப் பத்தாண்டுகள் ஆனவருக்கும் அது ஏறக்கூடும். மகப்பேற்றுக்காக மூன்றாண்டுகள் ஒதுங்கியிருந்தவருக்கு அது சலுகை காட்டாது.

ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் துறை வேறுபாட்டைச் சரிக்கட்டும் அளவுகளைப் பாருங்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் ஐசைட் என்ற தளத்தில் இலவசமாகத் தரும் ஒப்பீட்டு மேற்கோள் விகிதம், பப்மெட்டில் உள்ள ஒவ்வொரு கட்டுரையையும் அதனுடன் சேர்ந்து மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளோடு ஒப்பிடுகிறது. அந்நிறுவனத்தின் நிதியில் நடந்த ஆய்வுகளின் இடைநிலை அளவு 1. சிறு துறை ஒன்றில் 22 மேற்கோள்கள் பெற்ற கட்டுரை, பெருந்துறை ஒன்றில் 60 பெற்றதைவிட இந்த அளவில் மேலே நிற்கக்கூடும். ஹிர்ஷே 2020இல் எழுதிய குறிப்பொன்றில், தாம் உருவாக்கிய அளவு எதிர்பாராத தீங்குகளை விளைவிக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அதைக் குழுக் கூட்டங்களில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

மேற்கோள் அதிகம் என்றால் கட்டுரை நல்லது என்றுதானே பொருள்?

இல்லை, யாரோ அதைக் குறிப்பிட்டார்கள் என்பது மட்டுமே அதன் பொருள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் மற்றவர்களும் 1998இல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. மறுப்பதற்காகவும் எச்சரிப்பதற்காகவும் அதைக் குறிப்பிட்டவர்கள் ஏராளம் என்பதால் அதன் மேற்கோள் எண்ணிக்கை பெரிது. உலகிலேயே மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, புரதத்தின் அளவைக் கண்டறியும் முறை பற்றி ஆலிவர் லௌரியும் துணைவர்களும் 1951இல் எழுதியது. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் அதற்கு உண்டு. ஆய்வகங்களில் தினமும் பயன்படும் முறை என்பதே காரணம்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. 1971இல் வங்கதேச அகதிகளின் முகாமில் வாந்திபேதிக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலை வாய்வழியே கொடுத்து, இறப்பைப் பெருமளவு குறைத்த திலீப் மஹாலனாபிஸ் அந்த அனுபவத்தை 1973இல் கட்டுரையாக வெளியிட்டார். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுக்கும் செவிலியர் எந்தக் கட்டுரையையும் மேற்கோள் காட்டுவதில்லை. ஓர் ஆய்வு எல்லோருக்கும் தெரிந்த நடைமுறையாகிவிட்டால் அதைக் குறிப்பிடுவதும் நின்றுவிடுகிறது. நம் ஊரிலேயே இதற்குச் சான்று உண்டு. 1975இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1980களின் முற்பாதியில் யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுக்களை நகரம் முழுவதும் கட்டுப்படுத்தும் பணியைச் செய்து காட்டியது. அடைபட்ட வாய்க்கால்களையும் திறந்துகிடந்த தொட்டிகளையும் சரிசெய்த அந்த வேலையின் பயனை, அனுபவித்த தெருக்களில்தான் பார்க்க முடியும். இத்தகைய பணி செய்தவர்கள் விண்ணப்பத்தில் மேற்கோள் எண்ணோடு நிறுத்திவிடாமல், தங்கள் கண்டுபிடிப்பு எந்த அரசாணையில், எந்த வழிகாட்டு நெறியில், எந்தப் பயிற்சிக் கையேட்டில் சேர்ந்தது என்பதையும் ஆண்டோடு எழுத வேண்டும்.

என் கட்டுரைகளை நானே மேற்கோள் காட்டலாமா?

முந்தைய ஆய்வின் தொடர்ச்சி என்றால் காட்டத்தான் வேண்டும். தொடர்பில்லாத இடத்தில் செருகுவதும், நீ என்னைக் காட்டு நான் உன்னைக் காட்டுகிறேன் என்று நண்பர்களுக்குள் பேசி வைத்துக்கொள்வதும் தவறு. ஸ்கோபஸில் சுயமேற்கோள்களை நீக்கிவிட்டு எண்ணைப் பார்க்க வசதி உண்டு. தேர்வுக் குழுவினர் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

மூன்றே நாளில் வெளியிடுவதாக ஓர் இதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நம்பலாமா?

நம்பாதீர்கள். மூன்று நாளில் சக ஆய்வாளர்களின் உண்மையான மதிப்பாய்வு நடக்காது. இதழ் எந்த அட்டவணையில் இருப்பதாகச் சொல்கிறதோ, அந்த அட்டவணையின் சொந்தத் தளத்துக்கே சென்று ஒவ்வோர் இதழுக்கும் தனியாக வழங்கப்படும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை இட்டுத் தேடுங்கள். இதழின் முகப்பில் உள்ள சின்னங்கள் சான்றாகாது. புகழ்பெற்ற இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே நகலெடுத்த போலித் தளங்களும் உண்டு. இன்னொரு சிறு அடையாளம்: கிளாரிவேட் நிறுவனம் 2023 முதல் இம்பாக்ட் ஃபேக்டரை ஒரு தசம இலக்கத்தோடு மட்டுமே வெளியிடுகிறது. இந்த ஆண்டுக்குரியது என்று மூன்று தசம இலக்கங்களோடு ஓர் எண்ணைப் பெருமையாகப் போட்டிருந்தால், அதை யார் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள். ஏற்கத்தக்க இதழ்களுக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு பராமரித்துவந்த கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டுவிட்டதால், இதழைச் சோதிக்கும் பொறுப்பு இப்போது நிறுவனத்தின்மீதும் எழுதுபவர்மீதுமே விழுகிறது. கட்டணம் வாங்கும் இதழெல்லாம் போலி என்று நினைத்துவிடவும் வேண்டாம். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுகல் இதழ்கள் பல முறையாகவே கட்டணம் பெறுகின்றன.

உலகின் முதல் 2 விழுக்காடு அறிவியலாளர் பட்டியல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தரும் விருதா?

விருது அன்று. அப்பல்கலைக்கழகத்தின் ஜான் அயோனிடிஸும் துணைவர்களும் ஸ்கோபஸ் தரவைக் கொண்டு தயாரித்துப் பொதுவில் வைக்கும் தரவுத் தொகுப்பு. மொத்த மேற்கோள், எச்-இண்டெக்ஸ், ஒரே ஆசிரியராகவும் முதல், கடைசி ஆசிரியராகவும் எழுதியவற்றின் மேற்கோள்கள் முதலியவற்றைக் கலந்து ஒரு மதிப்பெண் கணக்கிடுகிறார்கள். வாழ்நாள் முழுமைக்கும் ஒரு பட்டியல், ஓராண்டுக்கு மட்டும் மற்றொன்று என இரண்டு உண்டு. வாழ்த்துப் பதாகை அச்சிடுமுன் எந்தப் பட்டியல் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

என் மகளுக்கு அறுவை சிகிச்சை செய்யவிருக்கும் மருத்துவரின் எச்-இண்டெக்ஸ் 3தான் என்று காட்டுகிறது. கவலைப்பட வேண்டுமா?

வேண்டாம். அந்த எண்ணுக்கும் கைத்திறனுக்கும் தொடர்பில்லை. இதே அறுவை சிகிச்சையை அவர் எத்தனை முறை செய்திருக்கிறார், என்னென்ன சிக்கல்கள் வரலாம், வந்தால் அங்கேயே கவனிக்க வசதி உண்டா என்று அவரிடமே கேளுங்கள்.

என் தந்தை கடலூர் மாவட்டத்தில் சுகாதார அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். 1980களில் சில கட்டுரைகள் எழுதியதாகச் சொல்கிறார். அவற்றைத் தேடித் தொகுக்க முடியுமா?

முடியும், சற்றே பொறுமை வேண்டும். பப்மெட்டில் ஆசிரியர்களின் முழுப் பெயர் 2002 முதல்தான் பதிவாகிறது; அதற்கு முந்தையவற்றில் தலைப்பெழுத்து மட்டுமே இருக்கும். பணியிட முகவரியும் 1988க்கு முன் பதிவாகவில்லை; பிறகும் 2013 வரை பெரும்பாலும் முதல் ஆசிரியருக்கு மட்டுமே பதிவானது. அவர் இரண்டாவது, மூன்றாவது ஆசிரியராக இருந்திருந்தால் ஊர்ப் பெயரைக் கொண்டு தேடிக் கிடைக்காது. ஆகவே நோயின் பெயர், ஆண்டு, உடன் எழுதியவரின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்துத் தேடுங்கள். 1913 முதல் வெளிவரும் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' போன்ற இதழ்களின் பழைய தொகுதிகளைப் பெரிய மருத்துவ நூலகங்களில் பார்க்கலாம். ஆர்க்கிட் எண்ணை அவருக்காக நீங்கள் பதிவு செய்ய இயலாது, அவரே செய்ய வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து உதவலாம். எந்தக் கட்டுரையில் எந்தக் கிராமத்தின் தரவு உள்ளது, யார் வீடுவீடாகச் சென்று இரத்தப் பூச்சு எடுத்தார்கள் என்பதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றின் கீழும் குறித்துக்கொள்ளுங்கள். அது எந்தத் தளத்திலும் கிடைக்காது.